மறுவுருவுக்குக் கல்யாணம்

தன் கல்யாணத்துக்கே இளவெயினி கடைசிப் பந்தியில்தான் போய் உட்கார்ந்தாள். மேடையில் பட்டுப்புடவையும் குனிந்த தலையுமாக நின்றது அவளுடைய மறுவுரு. அதே முகம், அதே குரல், இருபது வயது வரையிலான அதே ஞாபகங்கள். இருபதுக்குப் பிறகுதான் மகள் எதிர்த்துப் பேச ஆரம்பித்தாள் என்பதால், மிச்சத்தைப் பதிவேற்ற வேண்டாம் என்று அம்மா நிவேதா சொல்லிவிட்டாள்.

மறுவுருவை வாங்கிக் கொடுத்ததே இளவெயினிதான். கன்னியாகுமரிக் கடலில் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிற வேலை அவளுக்கு. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேசரியைத் தின்றுவிட்டு, "கல்யாணத்துக்கப்புறம் வேலை வேண்டாமே" என்றுதான் எழுந்தார்கள். உலகத்தில் என்னென்னவோ மாறியும் அந்த வசனம் மட்டும் மாறவில்லை. அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். "உனக்குப் பிடிச்ச மாதிரி ஒரு மகளை வச்சுக்கோ" என்று மறுவுருவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இளவெயினி கடலுக்குப் போய்விட்டாள். ஊரில் பாதி வீடுகளில் இதே கதைதான். அசலை மேடைப்பக்கம் விட்டால் அபசகுனம் என்று புதிதாக ஒரு சாஸ்திரம்கூட வந்துவிட்டது.

"பாயசத்துல ஏலக்காய் ஜாஸ்தி" என்று பக்கத்து இலைக்காரன் முணுமுணுத்தான். திரும்பினால், மேடையில் நிற்கும் மாப்பிள்ளையின் முகம்.

"நீங்க..."

"அசல் நான்தாங்க. முகில்வண்ணன். பால்வாடியில டீச்சர். சமையலும் பிடிக்கும். ஆம்பளை செய்ற வேலையாடான்னு அப்பாவுக்கு ஒரே மானக்கேடு. அவருக்காகத்தான் மேடையில நிக்கிற அது. அடுப்பங்கரைப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காது."

இளவெயினி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகுதான், மனிதர்களோடு சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று உறைத்தது. கடல் நடுவே கோபுர அறையில் காற்றின் சத்தத்தைத் தவிர அவளுக்குத் துணை கிடையாது.

அதன் பிறகு விடுமுறை நாட்களில் முகில்வண்ணன் கன்னியாகுமரிக்கு வந்தான்.

"நான் வேலையை விடமாட்டேன்" என்றாள் ஒருநாள்.

"யாருங்க விடச் சொன்னா? நீங்க போயிட்டு வாங்க, நான் சோறாக்கி வைக்கிறேன்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தனக்காக ஒருவர் காத்திருப்பது இவ்வளவு பெரிய விஷயமா?

அம்மாவிடம் சொல்லத் திருச்சிக்கு ஓடினாள். அம்மா தேடிப் பிடித்த அதே மாப்பிள்ளைதானே, இனி சண்டைக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள். இனிமேல் வீட்டுக்கும் வந்து போகலாம்.

ஆடிக்கு அழைத்து வந்திருந்த மறுவுருவுக்கு அம்மா தலை வாரிக்கொண்டிருந்தாள். இளவெயினி எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "யாருடி பையன்?"

"முகில்வண்ணன். அசல்."

சீப்பு கீழே விழுந்தது. "மாப்பிள்ளையவா?"

"அது மறுவுரும்மா. இவர் வேற."

"என்னடி வேற? அதே மொகம், அதே குடும்பம். சம்பந்தி மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"என்னைத்தானேம்மா அவரைக் கட்டிக்கச் சொல்லியிருப்ப?"

"அது அப்போ." அம்மா குனிந்து சீப்பை எடுத்தாள். "நீ கடலுக்குப் போயிட்ட. காய்ச்சல்ல கெடந்தப்ப கஞ்சி வச்சுக் கொடுத்தவ இவ. என் தலைமாட்டுல முழிச்சுக் கெடந்தவ இவ. இவ புருஷன் மேல கண்ணு வச்சு, இவ வாழ்க்கையில மண்ணைப் போடவா வந்த?"

மறுவுரு நிமிர்ந்து பார்த்தது. "என்னாச்சும்மா?"

"ஒண்ணுமில்ல. நீ உள்ள வா, இளவெயினி."

பெயர் கேட்டு இருவருமே எழுந்தார்கள். அம்மா மறுவுருவின் தோளை அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். நிலைப்படியில் நின்று, அசல் மகளின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"வந்தது வந்துட்டீங்க. சாப்பிட்டுட்டுப் போங்க."