நாற்றம் நின்ற பிறகு

அந்த நாற்றம் முதலில் தனபாலனின் மூக்கில்தான் பட்டது. அழுகிய முட்டை நாற்றம். அடையாற்றுக்குப் போகும் சந்தின் கோடியில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் என்று கட்டிய அந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் அன்று ஈ காக்கை இல்லை, காலையிலிருந்து மழை. ஆறுதான் நாறுகிறதோ என்று ஜன்னலைத் திறந்து மோந்து பார்த்தார். ஆற்றின் நாற்றம் வேறு. அதோடு இந்தப் பக்கத்து மூக்குகள் எப்போதோ சமாதானம் ஆகிவிட்டன. இது உள்ளேயிருந்து வந்தது.

உள்ளே நாறுவதற்கு ஒன்றும் கிடையாது. கண்ணாடிக் குடுவைகளில் மெழுகு வைத்து அடைத்த கறுப்பு எண்ணெய், சுவர் முழுக்கப் படங்கள், நடுக்கூடத்தில் ஒரு அறை அளவுக்குப் பழைய இரும்புத் தொட்டி. எங்கோ டெல்டா பக்கத்து எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தொட்டி. தனபாலனும் ஓய்வுபெற்றவர்தான், ஆனால் எண்ணெய்க் கிணறு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்ததில்லை. ஒரு கம்பெனியின் ஸ்டோர் ரூமில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்தே காலத்தை ஓட்டிவிட்டவர். வாய் ஜோராக இருந்ததால் இங்கே வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள்.

தொட்டியின் வயிற்றில் ஆள் குனிந்து நுழையும்படி ஒரு வட்ட வாசல். உள்ளே ஆரஞ்சு உடுப்பு மாட்டிய துணிப் பொம்மை ஒன்று குப்புறக் கிடக்கும். கண், வாய் எதுவும் வரையாத தலை. அதைக் காட்டித்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் பாடம் நடத்துவார்.

"தொட்டில விஷவாயு இருந்தா அழுகின முட்டை கணக்கா நாறும். நாறுனா சந்தோஷப்படு, உனக்கு மூக்கு கீது. திடீர்னு நாத்தம் நின்னுச்சு வை, வாயு போவல, உன் மூக்கு செத்துப்போச்சு. அடுத்தது நீதான்."

பிள்ளைகள் சிரிக்கும். அப்போது இரண்டாவது பாடம். விழுந்தவனைத் தூக்க ஒருநாளும் உள்ளே ஓடாதே. முதல் ஆளை வாயு கொல்லும், இரண்டாவது ஆளை இரக்கம் கொல்லும். சொல்லிக்கொண்டே சிவப்புப் பொத்தானை அழுத்துவார். "ஐயோ, தூக்குங்கப்பா! யாராவது வாங்களேன்!" என்று தொட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் கதறும். அவர் குரல்தான், அவரே பேசிப் பதிந்தது. ஏதாவது ஒரு பிள்ளை பதறிப்போய் வாசலுக்கு ஓடும், அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பார், எல்லோரும் கைதட்டுவார்கள். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். அவருக்கு இது மட்டும் புளிக்கவே இல்லை.

போன வாரம் கூரை ஒழுகி ஸ்பீக்கர் கெட்டுப்போனது. கழற்றிச் செய்தித்தாளில் சுற்றித் தன் மேஜை மேல் வைத்திருந்தார்.

பெருக்கித் துடைக்கும் ரத்னா மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு வந்தாள்.

"இன்னாண்ணே, எலி கிலி செத்துக் கீதா?"

இருவரும் மூலை முடுக்கெல்லாம் தேடினார்கள். தொட்டியை நெருங்க நெருங்க நாற்றம் கெட்டியானது. தொண்டையில் ஒரு செப்புக் காசு ஒட்டிக்கொண்டதுபோல் கரித்தது. பழைய இரும்பு, மழை ஈரம், ஏதோ ஊறியிருக்கும் என்று அவர் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பின்பக்கத்து மரங்களின் நிழல் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்து, தொட்டியின் வளைந்த உடம்பில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"தோ, நாத்தம் போயிடுச்சு பாரு. இதுக்குப் போய் மண்டைய ஒடச்சிக்கினு. நான் கெளம்பறேன்" என்றாள் ரத்னா.

ஆமாம், போய்விட்டது. குடையை எடுத்துக்கொண்டு அவள் கூடத்தின் வழியே நடந்தாள். அவர் நிம்மதியாக மேஜைக்கு வந்து உட்கார்ந்து, மத்தியானம் மீந்த மசால் வடைப் பொட்டலத்தைப் பிரித்தார். வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

வடை மணக்கவில்லை.

கையை மோந்தார். வெங்காயம் இல்லை, எண்ணெய் இல்லை. எழுந்து அலமாரியிலிருந்த பினாயில் பாட்டிலைத் திறந்து மூக்கடியில் வைத்தார். தண்ணீர் போல் இருந்தது. ஈரச் சுவர், தன் வேர்வை, மழை, எதுவுமே இல்லை. ஊருக்கு அத்தனை நாள் செய்த உபதேசம் அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"ரத்னா! வெளிய ஓடு!"

மின்சாரம் போனது. மின்விசிறிகள் நின்றதும் கூடத்தில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, தொட்டிக்குள்ளிருந்து, தெளிவாக ஒரு குரல்.

"ரத்னா… தூக்கும்மா. விழுந்துட்டேன்."

அவர் குரல். அவர் பேசியே இராத வார்த்தைகள். ஸ்பீக்கர் அவர் கை எட்டும் தூரத்தில், சுற்றிய தாளுக்குள் கிடந்தது.

"அண்ணே? உள்ள இன்னா பண்றே?" என்று ரத்னா கேட்பதும், செருப்புச் சத்தம் தொட்டியை நோக்கித் திரும்புவதும் கேட்டது. "நான் இங்க கீறேன்! போவாதே!" என்று கத்திக்கொண்டே இருட்டில் மேஜையில் இடித்து, நாற்காலியில் தடுக்கி ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் குடை சாய்த்து வைத்திருந்தது. செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். ஆரஞ்சுப் பொம்மை. அதன் பக்கத்தில், அதே மாதிரி குப்புற, ரத்னா.

கால் தானாக முன்னே போனது. இரண்டாவது ஆளை இரக்கம் கொல்லும். வாசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அழுகை வந்தது. அழுதுகொண்டே தீயணைப்புக்குப் பேசினார். ரோடெல்லாம் தண்ணி சார், சுத்தித்தான் வரணும் என்றார்கள்.

அப்போதுதான் மகள் ஸ்நேஹாவின் நினைவு வந்தது. மனைவி போன பிறகு அவருக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அந்தப் பெண் ஒருத்திதான். மந்தைவெளியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. தினமும் சாயங்காலம் ஸ்கூட்டியில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு பட்டினப்பாக்கம் போவாள். அவளைத் திரும்பத் திரும்ப அழைத்தார். எடுக்கவில்லை. வண்டியில் இருப்பாள். அவளை உள்ளே விடக்கூடாது, அது ஒன்றுதான் இனி தன்னால் ஆகிற காரியம் என்று முன்கேட்டுக்கு ஓடினார். முழங்கால் தண்ணீரில் நின்று, வருகிற ஒவ்வொரு விளக்கையும் பார்த்தார்.

போன் அடித்தது.

"இன்னா நைனா, இத்தினி வாட்டி கூப்ட்டுக்கீறே?"

"ஸ்நேஹா, எங்கம்மா கீறே? கேட்டாண்டயே நில்லு. உள்ள வராதே!"

"கேட்டாண்ட தண்ணி நிக்கும், பின்பக்கமா வந்துடுன்னு காலைல நீதான சொன்னே? வந்துட்டேன். ஒரே இருட்டா கீது." ஆமாம், சொல்லியிருந்தார், மறந்தே போனார். பிறகு அவள் குரல் மாறியது. "நைனா… நீ போன்லதான பேசறே? அப்ப தொட்டிக்குள்ள யாரு?"

"யாரும் இல்ல! ஓடு! வெளிய ஓடு!"

"இல்ல நைனா, உன் குரலு. அம்மாவைக் கூப்ட்டு அழுவுறே. விழுந்துட்டியா? இரு, இரு, வந்துட்டேன்."

"அது நான் இல்லடி!"

இரும்பில் ஏதோ மோதும் சத்தம். பிறகு போனில் மழைகூடக் கேட்கவில்லை.

ஓடினார். தண்ணீர் காலைப் பிடித்து இழுத்தது. விழுந்தார். எழுந்தார். கூடம். இருட்டு. தொட்டி.

வாசலில் குடை. குடைக்குப் பக்கத்தில் அவளுடைய நீல ஹெல்மெட், மழைத்துளி காயாமல்.

உள்ளே அவள் போன் வெளிச்சத்தோடு தரையில் கிடந்தது. அந்த வெளிச்சத்தில் ஸ்நேஹாவின் முகம் தெரிந்தது. வாசலைப் பார்த்துத் திரும்பிய முகம். கண் திறந்திருந்தது. விரல்கள் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தன. மெதுவாக. இன்னும் மெதுவாக.

போகக்கூடாது.

பெற்ற பெண்.

போகக்கூடாது. தீயணைப்பு வண்டி வரும். முகமூடியோடு ஆள் வரும். எங்கேயாவது மணிச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கூர்மையாக்கினார். மழை. மழை மட்டும்.

விரல்கள் நின்றுவிட்டன.

"நைனா…"

அவள் குரல். அட்சரம் பிசகாமல் அவள் குரல். ஆனால் வெளிச்சத்தில் தெரிந்த அவள் உதடுகள் அசையவில்லை. தனபாலன் தன் வெளிச்சத்தைத் தொட்டியின் மூலைக்கு நகர்த்தினார். ரத்னா கிடந்தாள். ஸ்நேஹா கிடந்தாள். பொம்மை கிடந்த இடம் காலியாக இருந்தது.

அது கோடியில், இரும்புச் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. ஒன்றும் வரையாத முகம் அவரை நோக்கித் திரும்பியிருந்தது.

"நாத்தம் ஒண்ணும் இல்ல நைனா" என்றது, அவர் மகளின் குரலில். "உள்ள வா."

ஒரு கால் ஏற்கனவே உள்ளே இருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார்.