மாசற்ற தண்ணீர்

சமையலறைக் குழாயை எத்திராஜ் சாவிக்கொத்தால் தட்டிப் பார்த்தார். சத்தம் சரியில்லை. கனமான இரும்பு தரவேண்டிய ஒலி அல்ல அது. காலி டப்பாவின் ஒலி.

அணுமின் நிலையத்தில், உலையைக் குளிர்விக்கும் நீரைப் பணிக்காலம் முழுதும் காத்தவர் அவர். உப்பும் காற்றும் நீக்கிய அந்த நீருக்குப் பசி அதிகம். அமிலத்தை முறிக்கும் காரத்தை அளந்து சேர்த்து அதை அடக்கி வைக்கவேண்டும். தவறினால் இரும்பின் உள்சுவரைத் துருவே தெரியாமல் தின்னும். வளைவுகளில்தான் முதலில் வாய் வைக்கும்.

ஓய்வு பெற்றதும் அண்ணனூர் வீட்டில் தானே ஒரு சுத்திகரிப்பு உருளையைப் பொருத்தினார். தெரு முழுக்க உவர்நீர் குடிக்கட்டும். தன் குடும்பம் மாசற்றதைத்தான் குடிக்கும். காரம் சேர்க்கவில்லை. வீட்டுத் தண்ணீரில் எதற்குக் கலப்படம்?

மழை இருட்டிய அந்த மாலையில் மின்சாரம் போயிருந்தது. குழாய்க்காரன் வேம்புலி, கைபேசி வெளிச்சத்தில் வளைவை அறுத்தெடுத்தான்.

"சார், இத்த பாரு. வெளிய பெயின்ட்டுகூட உரியல. உள்ளார ஆப்பத்து ஓரம் மாதிரி கீது."

விரலால் அழுத்தினான். விரல் உள்ளே போனது.

"துரு எங்கடா?"

"அத நான் உன்னக் கேக்கணும். இம்மாம் இரும்பு எங்க போச்சு? பேசாம பக்கத்து ஊட்ல தண்ணி புடிச்சிக்க நைனா."

"அடுத்தவன் தண்ணி குடிக்கிற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல. நாளைக்கு வந்து புதுக் குழாய் மாட்டு."

அவர் மனைவி நாகம்மா சிரித்தாள். "பக்கத்து கஜபதி ஊட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சதுக்கே என்னை இன்னா திட்டு திட்டுனாரு தெரியுமா?"

வேம்புலி போனான். பணிமனைப் பக்கம் ரயில் பெட்டிகள் உரசும் ஒலியும், மழை ஓய்ந்த பின் ஓட்டிலிருந்து சொட்டும் ஒலியும், ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாடையும் வீட்டுக்குள் மெல்ல நிறைய, அவற்றுக்கு அடியில் இன்னொன்று கேட்டது. நாகம்மா குடத்திலிருந்து மொண்டு குடிக்கும் ஒலி. அது தொண்டையோடு நிற்கவில்லை. நீளக் குழாயில் இறங்குவதுபோல் போய்க்கொண்டே இருந்தது.

"ரெண்டு நாளா உடம்பு லேசா கீதுங்க. பஞ்சு மாதிரி."

திரும்பியபோது அவள் முழங்கை நிலைக்கதவில் இடித்தது.

காலி டப்பாவின் ஒலி.

"வலிச்சுதா?"

"இல்லியே."

வேண்டாம் என்று சொல்லவேண்டும். சொன்னால், தன் தண்ணீரைத் தானே பழிப்பதாகும். கஜபதி வீட்டு வாசலில் குடத்தோடு நிற்கவேண்டும்.

அவள் மறுபடி மொண்டாள்.

"நாகம்மா. குடிக்காத."

"நீங்கதானே வேற தண்ணி தொடக்கூடாதுன்னீங்க?"

குடித்தாள்.

மின்சாரம் வந்தது. அவளுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. வெளிச்சம் அவள் கையின் ஊடாக வந்தது. தோல் இருந்தது. வளையல் இருந்தது. எலும்பு இல்லை.

"உங்களுக்கும் ஊத்தட்டா?"

சொம்பை நீட்டினாள். முழங்கை மடங்கியது. உள்ளே நீர் அந்த வளைவில் திரும்பி ஓடியது, துளிக் கலங்கலும் இல்லாமல்.