படிக்கட்டுப் பக்கத்து விளக்கு

யாரும் ஏறாமலேயே படிக்கட்டுப் பக்கத்து விளக்கு எரிந்தது.

கேரவனின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த வேடியப்பனுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. வண்டியின் நான்கு மூலைக்கும் டாஷ்போர்டில் நான்கு மஞ்சள் விளக்குகள்; இடது முன்மூலைதான் படிக்கட்டுப் பக்கம். எந்த மூலை தாழ்கிறதோ அந்த விளக்கு எரியும். அங்கே சக்கரத்துக்கு மேலே இருக்கும் ரப்பர் பைக்குள் கம்ப்ரஸர் புஸ்ஸென்று காற்றை ஏற்றும். மூலை நிமிர்ந்ததும் விளக்கு அணையும். எல்லாம் தானாகவே நடக்கும். திருத்தணி மலையடிவாரத்தில் சமதளத்துக்கு எங்கே போவது? ஷூட்டிங்குக்கு வந்த கதாநாயகி, டம்ளரில் காபி சாய்ந்து நிற்கிறதென்று மூக்கால் அழுதாள். அவளுக்காக மத்தியானம்தான் சென்ஸாரின் திருகை இறுக்கி, குழந்தை புரண்டு படுத்தாலும் விளக்கு எரிகிற அளவுக்கு வைத்திருந்தான்.

குழந்தையும் உள்ளேதான் இருந்தாள். மகள் சுதா, ஐந்து வயது. காலையில் கோயிலில் மொட்டை போட்டதிலிருந்து காய்ச்சல். பின்பக்கக் கட்டிலில் தூங்கினாள். ஷூட்டிங் ஆட்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். மனைவி ஜெயம்மா மருந்து வாங்க ஆட்டோவில் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

"கொயந்தய தனியா உட்டுட்டு வண்டி அடியில படுத்துகினு கெடக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"ஆங், ஆங். நீ சீக்கிரம் வா."

விளக்கு அணைந்தது. மலைமேல் கோயில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பக்கத்து ஏரியின் சேற்று வாடையும் டீசல் வாடையும் கலந்து ஜன்னல் வழியே வந்தன. கம்ப்ரஸர் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. அடுத்து இடது பின்மூலை விளக்கு எரிந்தது. ஏறியவர் யாரோ பின்பக்கமாக நடந்து போகிறாற்போல.

வேடியப்பன் திரும்பிப் பார்த்தான். குறுகலான நடைவழியில் யாரும் இல்லை. எழுந்து போய் மகளின் நெற்றியைத் தொட்டான். சுட்டது. மூச்சு சீராக இருந்தது.

'காத்து எங்கியோ கசியுது' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். கசிந்தால் வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும், குழந்தை கட்டிலிலிருந்து உருண்டு விழுவாள். அதை நினைத்ததும் மனசு கேட்கவில்லை. டார்ச்சும் சோப்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு இறங்கினான். வண்டி இறங்கினாலும் நசுக்காதபடி சேஸிஸ் சட்டத்துக்கு அடியில் மரக்கட்டைகளைச் செருகிவிட்டு, மல்லாந்து உள்ளே நகர்ந்தான்.

பைப் இணைப்பு ஒவ்வொன்றிலும் நுரையைப் பூசிப் பார்த்தான். காற்று கசிந்தால் குமிழி விடும். ஒரு குமிழிகூட வரவில்லை.

அப்படியென்றால் கசிவு இல்லை. பாரம்தான்.

தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. மண் உதிர்ந்து கண்ணில் விழுந்தது. இன்னொரு அடி. கட்டிலை நோக்கி இன்னொன்று.

வலது பின்மூலை தாழ்ந்தது. கட்டில் இருக்கிற மூலை. நான்கு ஆட்கள் சேர்ந்து ஏறினாலும் இவ்வளவு தாழாது. ரப்பர் பை பிதுங்கியது. கம்ப்ரஸர் மூச்சுத் திணறியது. கூப்பிட வாயைத் திறந்தான். வாய் நிறைய மண் உதிர்ந்து விழுந்தது.

மேலே சுதா விழித்துக்கொண்டாள். தூக்கக் கலக்கத்தோடு, கொஞ்சலாக.

"நைனா... எங்க தூக்கினு போற?"

அவன் துள்ளினான். நெற்றி இரும்பில் இடித்தது. சட்டை எதிலோ மாட்டியது. கிழித்துக்கொண்டு நகர்ந்தான். பின்மூலை மேலே எழும்பியது. படிக்கட்டுப் பக்கம் தாழ்ந்தது. இரும்புப் படி முனகியது. அப்புறம், சுமையை இறக்கி வைத்ததுபோல, வண்டி முழுவதும் நிமிர்ந்தது.

வெளியே வந்தான். யாரும் இல்லை. கதவு திறந்திருந்தது.

உள்ளே ஓடினான்.

கட்டிலில் சுதா சால்வைக்குள் சுருண்டு படுத்திருந்தாள். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. "முருகா, முருகா" என்று அழுதுகொண்டே அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டான்.

கனமே இல்லை.

சால்வையின் கனம் மட்டும்தான்.

ஏரிக்கரை இருட்டிலிருந்து மகளின் அலறல் கேட்டது. "நைனா!" தூரத்தில். இன்னும் தூரத்தில்.

அவன் ஓடத் திரும்பினான். தோளில் கிடந்தது மெல்ல அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது.