வாசலுக்கு வந்த ஆட்சேபணை

வாசல் கதவை அரை அடி அகலப்படுத்த வேண்டுமென்றாலும் நகராட்சியில் என்னிடம்தான் வந்தாக வேண்டும். வரைபடம் தரவேண்டும், பதினைந்து நாள் அந்த வாசலிலேயே அறிவிப்பு ஒட்டி வைக்கவேண்டும். அதற்குள் யாராவது ஆட்சேபணை எழுதித் தந்தால், அவரைக் கூப்பிட்டு விசாரிக்காமல் அனுமதி தரக்கூடாது. இருபத்திரண்டு வருஷமாக இந்த விதியைச் சொல்லிச் சொல்லியே ஊரெல்லாம் கெட்ட பெயர் வாங்கியவன் நான்.

அந்தத் தையல்காரர் வந்தபோது மட்டும் மனசு இளகிவிட்டது. அவர் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலி பழைய வாசலில் நுழையாது. எட்டு மாதமாக அவள் வெயிலையே பார்க்கவில்லையாம்.

பதினான்காம் நாள் ஓர் ஆட்சேபணை வந்தது. ‘மனுதாரருக்கு என்ன உறவு’ என்ற இடத்தில் ‘மனைவி’ என்றிருந்தது. காரணம்: ‘நாலு வருஷம் நானும் அங்கேதான் படுத்துக் கிடந்தேன். எனக்கு ஏன் கதவை அகலப்படுத்தவில்லை?’

தையல்காரரிடம் காட்டினேன். முகத்தில் ஈயாடவில்லை.

“என் மூத்த சம்சாரம் எழுத்து சார். அவ போய் ஆறு வருஷமாச்சு.”

செத்தவளை எங்கே போய் விசாரிப்பது? எவனோ வேண்டாதவன் விளையாடுகிறான் என்று எரிச்சலோடு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அனுமதியில் கையெழுத்துப் போட்டேன். என் வேலையில் விசாரிக்காமல் தள்ளிய ஒரே ஆட்சேபணை அதுதான்.

கதவு வேலை முடிந்ததும் அளந்து பார்க்கப் போனேன். பட்டப்பகல். சிமெண்ட் வாசனை இன்னும் போகவில்லை. நிலைக்கு நிலை நாற்பத்திரண்டு அங்குலம், நாற்காலி இருபத்தாறு. தையல்காரரின் மனைவி தலைவாரிப் பொட்டு வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தாள். தெருமுனை வரைக்கும் போய் வரவேண்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

தையல்காரர் தள்ளினார். சக்கரம் நிலையில் இடித்தது.

கோணலாகத் தள்ளுகிறார் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். நேராக்கித் தள்ளினார். பாதி வாசலில் நாற்காலி சிக்கிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

நிலைக்கு நிலை டேப்பை வைத்தேன்.

இருபத்தைந்து.

மறுபடி வைத்தேன்.

இருபது.

இரும்புக் கைப்பிடிகள் வளைந்து அவள் விலாவில் இறங்கின. சிமெண்ட் வாசனை போய், நாள்பட்ட படுக்கைப்புண்ணின் நாற்றம் குப்பென்று அடித்தது.

“மூச்சு முட்டுதுங்க,” என்றாள்.

கடப்பாரையைப் போட்டு நெம்பினேன். கடப்பாரைதான் வளைந்தது. அப்போது என் காதோரம் ஒரு பெண் குரல், நிதானமாக:

“படுத்துக்கிட்டே போகட்டும். நான் அப்படித்தானே போனேன்.”

நாற்காலியில் அவள் தலை சாய்ந்தது. அந்தக் கணமே நிலை விட்டுக்கொடுத்தது. நாற்காலி தானாகப் பின்னுக்கு உருண்டு வீட்டுக்குள் போய் நின்றது.

மறுநாள் அவளைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனார்கள். தோளோடு தோள் இரண்டிரண்டு பேர் நடக்க, வாசலில் தாராளமாக இடமிருந்தது. நான் தெருவில் நின்று வாய்விட்டு அழுதேன். அந்தத் தாளை நான் கிழித்திருக்கக்கூடாது.

தையல்காரர் கடைசியாக வந்தார். ஒல்லி மனிதர். ஒரு தோள் வெளியே வந்தது.

இன்னொன்று வரவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். ஆளே இல்லாத அந்த வீட்டுக்குள்ளிருந்து, கொஞ்சமும் கோபமில்லாமல், ஒரு குரல் அவரைக் கூப்பிட்டது.

“உள்ள வாங்க.”