தொண்ணூறு டிகிரி

"ரெண்டு மேஜை எதுக்குடா? ஒண்ணு போதும்."

மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றபடி மாமியார் சொன்னார். கையில் ஒரு டம்ளர் டீ. மகனுக்கு மட்டும்.

ஊர் திரும்பி ஐந்தாவது நாள் காலை. கணவன் மாடி அறையை அளந்துகொண்டிருந்தான். டேப்பின் நுனியை அவள் ஜன்னலோரம் அழுத்திப் பிடித்திருந்தாள். வெளிநாட்டு லென்ஸ் தொழிற்சாலை ஒன்றில் நாலு வருடம் இருவரும் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். கீழே இருப்பது குடும்பத்தின் மூக்குக்கண்ணாடிக் கடை. மாடியில் தங்களுக்கென்று ஒரு லென்ஸ் பட்டறை போட்டு, மற்ற கடைகளுக்கும் வெட்டிக் கொடுப்பது என்று விமானத்திலேயே பேசி முடித்திருந்தார்கள். வெளிச்சம் விழும் ஜன்னலோரம் இரண்டு மேஜைகள். அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

"அவளும்தானேம்மா வேலை செய்யப்போறா," என்றான் கணவன், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"செய்யட்டும். அடுப்படியில செய்யட்டும், யாரு வேண்டாம்னா? பட்டறையில இவ உக்காந்திருக்கான்னு தெரிஞ்சா ஒரு கடைக்காரன் லென்ஸ் குடுப்பானாடா? கோணக் கண்ணாடிக்காரின்னு தெருவே சொல்லுது... நானா சொல்றேன்?"

முதன்முதலில் சொன்னவரே மாமியார்தான். அது அவளுக்குத் தெரியும்.

அவள் கணவனைப் பார்த்தாள். இப்போதாவது ஏதாவது சொல்வான் என்று... அவன் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டான்.

"பாத்துக்கலாம்மா. மொதல்ல ஒரு மேஜையைப் போடுவோம். அப்புறம் வேணும்னா இன்னொண்ணு."

அவள் டேப்பின் நுனியை விட்டுவிட்டாள். அது சர்ரென்று ஓடி அவன் விரலில் அடித்தது.

"ஸ்ஸ்... என்னடி இது!"

"கை தவறிடுச்சு," என்றாள். "எனக்குத்தான் கை தவறுமே!"

இதே வார்த்தையைத்தான் ஐந்து வருடம் முன்பு, கடை வாசலில் கூடிய கூட்டத்தின் முன்னால் அவள் சொன்னாள்.

அப்போது ஒரு பெயிண்டர் கடையில் கண்ணாடி வாங்கிப்போனார். மூன்றாம் நாள் ஏணியிலிருந்து இறங்கும்போது படி சாய்ந்து தெரிந்திருக்கிறது. கால் தவறி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அவருடைய ஆட்கள் கடை முன்னால் வந்து கத்தினார்கள். அந்த வாரம் கணவன் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தான். கொழுந்தன், வீட்டில் எல்லோருக்கும் சின்னவன், உள்ளே ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி... டாக்டர் சீட்டை மாத்தி எழுதும்போது கோணத்தைத் திருப்ப மறந்துட்டேன் அண்ணி..."

கோணத்தோடு வரும் சிலிண்டர் பவரைக் கண் டாக்டர் ப்ளஸ்ஸில் எழுதுவார். பட்டறையில் மைனஸில்தான் வெட்டுவார்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதும்போது எண்கள் மாறும். கூடவே கோணமும் தொண்ணூறு டிகிரி திரும்ப வேண்டும். இந்தத் தொழிலில் முதல் வாரம் கற்றுக்கொள்வது. சின்னவன் எண்களை மாற்றினான். கோணத்தை அப்படியே விட்டுவிட்டான்.

அந்தச் சீட்டை எழுதிய டாக்டரின் மகளைத்தான் சின்னவனுக்குப் பேசியிருந்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

மாமியார் கதவைச் சாத்திவிட்டு அவள் காலில் விழுந்தார்.

"என் சீட்டையே படிக்கத் தெரியாதவனுக்கா பொண்ணு குடுக்கிறதுன்னு டாக்டர் கேட்டா நான் என்னடி பண்ணுவேன்! ஃப்ரேம்ல மாட்டும்போது உன் கை தவறிடுச்சுன்னு சொல்லிடு. உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, உனக்கு என்ன போயிடப் போகுது? கல்யாணம் முடியட்டும், எல்லார்கிட்டயும் நானே சொல்றேன். பெரியவன்கிட்டகூட மூச்சு விடாதே, அவன் வாய் நிக்காது. சத்தியம் பண்ணு..."

பண்ணினாள்.

கல்யாணம் முடிந்தது. மாமியார் சொல்லவும் செய்தார்... இஸ்திரிக்காரம்மாவிடம், தையற்கடையில், எதிர்வீட்டில். "பெரிய மருமக கை வச்சா கண்ணாடி கோணல்தான்" என்று. பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு வருடம் தாங்கமாட்டாமல்தான் வெளிநாட்டு வேலையென்று கணவனை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். மகனைப் பிரித்துக் கொண்டுபோனவள் என்று இன்னொரு பெயரும் சேர்ந்தது.

உனக்கு என்ன போயிடப் போகுது?

தொழிற்சாலையில் அவளும் கணவனும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவள் முடித்து வைக்கும் ஒவ்வொரு லென்ஸையும், அவள் தண்ணீர் குடிக்கப் போகும்போது, அவன் எடுத்து, பவரும் கோணமும் காட்டும் மெஷினில் வைத்துப் பார்ப்பான். பிறகு சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிடுவான். ஒருமுறைகூடத் தப்பு இருந்ததில்லை. அவன் பார்ப்பதை நிறுத்தியதும் இல்லை. "அன்னிக்கு என்னதான் ஆச்சு?" என்று ஒரே ஒருமுறை கேட்டிருந்தால் சத்தியத்தை உடைத்திருப்பாள். கேட்கவில்லை. அவன் மனதில் கேள்வியே இல்லை.

இப்போது அவள் படிகளில் இறங்கினாள். பாதியில் நின்று சொன்னாள்: "பெயிண்ட் அடிக்க ஆளு பாக்கச் சொன்னீங்கல்ல? சொல்லியிருக்கேன். பத்து மணிக்கு வருவார்."

பத்து மணிக்குக் கடையில் எல்லோரும் இருந்தார்கள். சின்னவன் மனைவி கல்லாவில் உட்கார்ந்து ஃப்ரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்னவன் உள்ளே எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தான்.

பெயிண்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்து வாசலில் நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"மாடி ரூமுக்கு அடிக்கணும்னாங்க. அடிச்சுத் தர்றேன். ஆனா ஏணிக்கு வேற ஆளு பாத்துக்குங்க. நான் ஏறுறதில்ல. ஏன்னு இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும்!"

மாமியாரின் முகம் வெளுத்தது. கணவன் அவள் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தான்.

"இவரையா கூப்பிட்டே? ஊர்ல வேற பெயிண்டரே கிடைக்கலையா உனக்கு?"

"இவர்தான் வேணும்."

"ஐயோ... வந்து அஞ்சு நாள் ஆகலை, குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைக்கிறாளே!" என்றார் மாமியார்.

"சந்தி அஞ்சு வருஷமா சிரிச்சுக்கிட்டுத்தானே அத்தை இருக்கு. என்னைப் பாத்துச் சிரிச்சுது. இன்னிக்கு ஆளை மாத்துவோம்."

முந்தின நாள் சாயங்காலம் அவள் தனியாக அவர் வீட்டுக்குப் போயிருந்தாள். அரைமணி நேரம் திட்டினார். நின்றபடி வாங்கிக்கொண்டாள். அவர் மூச்சு வாங்கியபோது ஒன்று மட்டும் கேட்டாள். "அந்தக் கண்ணாடி இருக்கா?" இருந்தது. கேஸ் போடலாம் என்று டாக்டர் சீட்டோடு சுற்றி வைத்திருந்தார்.

பொட்டலத்தைப் பிரித்தார். ஃப்ரேம் நெளிந்திருந்தது. லென்ஸ் இரண்டும் உடையவில்லை.

அவள் அதை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள். "மெஷின்ல வச்சுப் பாருங்க."

"இப்ப எதுக்கு இது..."

"பாருங்க. என் லென்ஸைப் பாக்குறது உங்களுக்குப் பழக்கம்தானே!"

அவன் சட்டென்று நிமிர்ந்தான். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. காது மடல் சிவந்துபோக, கண்ணாடியை வாங்கி மெஷினின் முன் உட்கார்ந்தான்.

சீட்டைச் சின்னவன் மனைவி எடுத்தாள். "எங்கப்பா கையெழுத்து! வலது கண்ணு, ப்ளஸ் சிலிண்டர், நூத்தி எழுபது. அப்போ மைனஸ்ல எண்பது வரணும்."

"நூத்தி எழுபது," என்றான் கணவன்.

"இல்லையே... எண்பதுல்ல வரணும். இடது கண்ணைப் பாருங்க அத்தான். அப்பா பத்துன்னு எழுதியிருக்கார். நூறு வரணும்."

கணவன் லென்ஸை மாற்றினான். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தான்.

"பத்து."

அவள் கணவனின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கை தவறினா எவ்வளவுங்க தவறும்?" என்று கேட்டாள்.

"அஞ்சு டிகிரி... மிஞ்சிப்போனா எட்டு..."

"ரெண்டு கண்ணுலயும், அளந்து வச்ச மாதிரி, தொண்ணூறு தவறுமா?"

அவன் லென்ஸைக் கீழே வைத்தான். இந்தத் தொழில் செய்பவனுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஐந்து டிகிரி என்றால் கையின் தப்பு. இரண்டிலும் சரியாகத் தொண்ணூறு என்றால் சீட்டை மாற்றி எழுதியவரின் தப்பு. அந்த வீட்டில் அந்த வேலையைச் செய்தது ஒரே ஒரு ஆள்.

"அத்தை, நீங்க சொல்றீங்களா, உங்க சின்னப் பையன் சொல்றாரா?"

"வாயை மூடுடி! சத்தியம் பண்ணிக் குடுத்தியே பாவி..."

மாமியார் அதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் வெளியே வந்தது வந்ததுதான்.

"என்ன சத்தியம்?" என்றான் கணவன்.

அவன் எழுந்து நின்றான். "என்ன சத்தியம்மா?"

உள்ளேயிருந்து சின்னவன் வந்தான். அண்ணனைப் பார்க்கவில்லை. பெயிண்டரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து அழுதான்.

"நான்தாண்ணா... நான்தான் திருப்ப மறந்துட்டேன். அண்ணி எனக்காகச் சொன்னாங்க. அம்மா சொல்லச் சொன்னாங்க..."

சின்னவன் மனைவி கையிலிருந்த ஃப்ரேமை மேஜைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"எங்கப்பாவுக்குப் பயந்தா? எங்கப்பா கல்யாணத்தை நிறுத்தியிருப்பார்னா நெனச்சீங்க? திட்டியிருப்பார். ஒரு மாசம் பக்கத்துல உக்கார வச்சு, தலையில குட்டிக் குட்டிச் சொல்லிக்குடுத்திருப்பார். அவ்வளவுதான்! இதுக்கா அக்கா பேரை... நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேனே! ஐயோ, இவங்க வெட்டின கண்ணாடியா, எனக்கு வேண்டாம்னு சொல்லியிருக்கேனே!"

பெயிண்டர் அவளிடம் திரும்பினார். "நேத்து அந்தத் திட்டு திட்டினேன். ஒரு வார்த்தை சொல்லலையேம்மா?"

"நான் சொன்னா நம்பியிருக்க மாட்டீங்க. மெஷின் சொல்லட்டும்னு இருந்தேன்."

"தம்பி," என்றார் அவர் சின்னவனிடம். குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரியில நாப்பது நாள் படுத்திருந்தேன். நாப்பது நாளும் இந்தம்மாவைத்தான் சபிச்சேன். அத்தனை சாபத்தையும் இப்ப எங்க கொண்டுபோய்க் கொட்டுறது, சொல்லு?"

சின்னவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

கணவன் அவள் அருகில் வந்தான். "என்கிட்டகூடச் சொல்லலையேடி..."

"நீங்க கேக்கலையே."

"நான்..."

"நாலு வருஷத்துல என் கையிலேர்ந்து போன ஒவ்வொரு லென்ஸையும் எடுத்துப் பாத்தீங்க. இந்த ரெண்டு லென்ஸை மட்டும் ஒரு தடவை பாக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையே!"

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தோள் குலுங்கியது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த நிமிடத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். வரும்போது கசந்துவிடுமோ என்று பயந்திருக்கிறாள். கசக்கவில்லை. இனித்தது.

மாமியார் அவள் காலை நோக்கிக் குனிந்தார். அவள் இரண்டு அடி பின்வாங்கினாள்.

"வேண்டாம் அத்தை. ஒரு தடவை விழுந்தீங்க, இத்தனை வருஷம் போச்சு. மறுபடி விழுந்தா நான் கிழவியாயிடுவேன்."

பெயிண்டர் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"என்னடி பண்ணணும்கிற? சொல்லித் தொலை... பண்றேன்..."

"செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க. எந்தெந்த வீட்டுல என்னைப் பத்திச் சொன்னீங்களோ, அந்தந்த வீட்டு வாசல்ல நின்னு, நடந்ததை நீங்களே சொல்லணும். நான் கூட வருவேன். அதுக்கப்புறம்தான் மாடியில பட்டறை. இல்லேன்னா சாயங்கால பஸ்ஸுக்கு நான் கிளம்பறேன். லென்ஸ் வெட்டத் தெரிஞ்சவளுக்கு எந்த ஊர்லயும் ஒரு மேஜை கிடைக்கும்."

"இந்த வயசுல என்னைத் தெருத்தெருவா..."

"எந்த வயசுல எனக்குப் பேர் வாங்கிக் குடுத்தீங்க அத்தை? எனக்கு அப்போ இருபத்தஞ்சு."

மாமியார் பெரிய மகனைப் பார்த்தார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாம்மா," என்றான். பிறகு அவளிடம், "நானும் வர்றேன்," என்றான்.

"வேண்டாம். இவர் கண்ணைப் புதுசா டெஸ்ட் பண்ணி, சரியான கண்ணாடி போட்டுக் குடுங்க. சீட்டைத் தங்கச்சி மாத்தி எழுதட்டும்." சின்னவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, மாடிக்கு ஏணியைத் தூக்கிட்டுப் போங்க. இவர் கீழே நாற்காலியில உக்காந்து சொல்லச் சொல்ல, நீங்க ஏறி அடிங்க. நாலு சுவரும், மேல்தளமும்."

"எனக்கு உயரம்னா தலை சுத்தும் அண்ணி..."

"படி சாஞ்சு தெரியாதில்ல? அது போதும்."

அவள் வாசலில் இறங்கும்போது கணவன் பின்னாலிருந்து கூப்பிட்டான். "ரெண்டு மேஜைக்கும் இப்பவே தச்சர்கிட்டச் சொல்லிடவா?"

"நாங்க திரும்பி வரட்டும். அப்புறம் சொல்லுங்க."

முதலில் இஸ்திரிக்கடை. மாமியார் வாசலில் நின்று புடவைத் தலைப்பைத் திருகினார். இஸ்திரிக்காரம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார்.

"வந்து... அந்தக் கண்ணாடி விஷயம்... அது இவ பண்ணலை. சின்னவன்தான்... நான்தான் இவளைச் சொல்லச் சொன்னேன்."

"அப்படியா!" இஸ்திரிக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இவ்வளவு நாளா எங்ககிட்ட எல்லாம் ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? பாவம், நாங்களும் அந்தப் பொண்ணை அதையே சொல்லிக் கூப்பிட்டோமே!"

மாமியாரின் கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது. அந்தக் கேள்வியின் பதிலுக்கு அவளும் காத்திருந்தாள். நேரம் கொடுத்தாள். பதில் வரவில்லை.

படியிறங்கும்போது மாமியாரின் கால் பிசகியது. அவள் சட்டென்று கையைப் பிடித்தாள். அந்த முழு உடம்பும் அவள்மேல் சாய்ந்தது. நடுத்தெருவில் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மாமியார் விம்மினார்.

"மன்னிச்சிடுடி... பெத்த பிள்ளைக்காகப் பண்ணிட்டேன்... நீயும் எனக்குப் பொண்ணுதான்னு அப்போ தெரியாமப் போச்சுடி..."

அவளுக்கும் கண் நிறைந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தாள். மாமியாரின் மூச்சு நிதானமாகும்வரை, வெயிலில், அசையாமல் நின்றாள். தன் தலைப்பால் அந்த முகத்தைத் துடைத்துவிட்டாள். கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

பிறகு கையைக் கோர்த்துக்கொண்டாள்.

"வாங்க அத்தை. இன்னும் ஆறு வீடு இருக்கு."