போர்டிகோவில் கட்டிய தண்ணீர்

காலையில் கட்டிய தண்ணீர் மத்தியானம் இறங்கியது. அது வெயிலின் வேலை. இறங்கிய தண்ணீர் சாயங்காலம் யாரும் ஊற்றாமலே ஏறி நின்றது. அது யார் வேலை என்றுதான் கிருபாகரனுக்கு விளங்கவில்லை.

கூடுவாஞ்சேரியில் சிமெண்டும் பெயிண்டும் விற்கிற ஆள் அவன். புதிதாகப் பூசிய தளத்தைச் சுற்றிக் களிமண்ணால் வரப்பு கட்டி, விரற்கடை உயரம் தண்ணீர் நிறுத்தாவிட்டால் வெடித்துவிடும் என்று வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பான். ஊருக்கு உபதேசம் செய்தவன் வீட்டுப் போர்டிகோதான் பொரிந்துபோய், பெருக்கப் பெருக்கச் சாம்பலாகப் பறந்தது. அவன் மனைவி பிரிசில்லா அதைத் தொட விடவில்லை. மூலையில் மகள் ஜாய்ஸின் உள்ளங்கை பதிந்திருந்தது. வீடு கட்டும்போது ஈரச் சிமெண்டில் பிள்ளை சிரித்துக்கொண்டே வைத்த கை.

போன வருஷம் மாமல்லபுரத்தில் ஓர் அலை ஜாய்ஸை வாங்கிக்கொண்டு போனது. கடலிடம் பேரம் கிடையாது. உடம்பைக்கூடத் திருப்பித் தரவில்லை. அலை வரும்வரை பிள்ளையின் கை பிரிசில்லாவின் கைக்குள்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவள் பொழுது சாயும்போதெல்லாம் அந்த மூலையில் உட்கார்ந்து, சிமெண்டிலிருந்த சின்னக் குழியைத் தன் கையால் மூடிக்கொண்டிருப்பாள். சோறு ஆறிப்போகும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மிச்சமிருக்கிற ஒருத்தியையாவது மீட்டுவிட வேண்டும், அந்தக் குழி மறைந்தால் எழுந்து உள்ளே வந்துவிடுவாள் என்று நினைத்தான் கிருபாகரன். அவள் ஊரப்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போன அன்று, பழைய பூச்சைத் தானே கொத்தி எடுத்து, புதுப் பூச்சு பிடிக்கச் சிமெண்டுப் பால் ஊற்றி, தானே பூசினான்.

மணலுக்கு மட்டும் லாரிக்காரன் சரவணகுமாரிடம் வழக்கம்போல் விலையை அடித்துப் பேசினான்.

"அண்ணாத்த, நீ கேக்குற வெலைக்கு மணலு வராது. மணலு படம் வோணா எட்த்து தரேன்."

"அப்ப பின்னால கீறது இன்னா, சர்க்கரையா?"

"அது மாமல்லபுரம் பக்கம் அள்ளுனது. உப்பு கீது. உன் வூட்டுக்கு வோணாம்."

"கழுவிக்கிறேன். கொட்டுப்பா."

எந்தக் கரையின் மணல் என்பது கொட்டிய பிறகுதான் உறைத்தது. அதற்குள் லாரி தெருமுனை திரும்பிவிட்டது. பேரத்தில் படிந்த சரக்கைத் திருப்பி அனுப்பி அவனுக்குப் பழக்கமும் இல்லை.

பிரிசில்லா திரும்பி வந்தாள். மூலையைப் பார்த்தாள்.

"அழிச்சிட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது வானம் கறுத்து, கரண்டும் போய், போர்டிகோ முழுக்க ஒரு பச்சை இருட்டு கவிந்திருந்தது. பாசியும் ஈர வலையும் கலந்த வாடை வாசலைத் தாண்டிக் கூடம்வரை வந்தது. காற்றே இல்லாதபோது, வரப்பில் மோதி மோதித் திரும்பும் தண்ணீரின் சின்னச் சின்ன அலைச் சத்தம், தூங்குகிற பிள்ளையின் மூச்சைப்போல ஒரே சீராகக் கேட்டது. கிருபாகரன் குனிந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்தான். உப்பு. கழுவினது போதவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டான். தன் சரக்கைத் தானே நம்பாத குரலில்.

மூலையில் பிரிசில்லா மண்டியிட்டிருந்தாள்.

"ஏங்க. இங்க ஆழமா கீது."

"வெரக்கடை தண்ணிம்மா. எழுந்திரு, சளி புடிச்சிக்கும்."

அவள் கை மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது. அவன் பார்க்கப் பார்க்க முழங்கைவரை. எங்கோ அடியில் வளையல் ஒலித்தது.

அவள் சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு.

"கெடச்சிட்டா. கை சில்லுனு கீதுங்க. இந்த தபா வுட மாட்டேன்."

ஓடினான். வழுக்கினான். புடவைத் தலைப்பு கையில் சிக்கியது. ஈரம். இழுத்தான். நழுவியது.

சத்தமே இல்லை.

வட்டங்கள் மட்டும் விரிந்து வரப்பில் மோதின.

கையால் துழாவினான். விரற்கடை தண்ணீர். அதன்கீழ் தளம். கெட்டி. குத்தினான். கீறினான். நகம் பெயர்ந்தது. தளம் பெயரவில்லை.

கரண்ட் வந்தது.

தெளிந்த தண்ணீருக்கு அடியில் சிமெண்ட் புடைத்திருந்தது. பழைய கையைப்போலக் குழியாக இல்லை. கீழேயிருந்து மேலே தள்ளியதுபோல. ஒரு பெரிய கை. அதற்குள் இறுக்கிப் பிடித்த ஒரு சின்னக் கை. பக்கத்தில் பெரியவளின் இன்னொரு கை, காலியாக, அவன் பக்கம் நீண்டு.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. காய்ந்தால் வெடித்துவிடும்.

கிருபாகரன் வாளியை எடுத்து வந்தான். ஊற்றினான்.

காலியாக இருந்த கை, மெதுவாக, விரல்களை விரித்தது.