கேட்காமல் அச்சிடு

அச்சாகிவிட்டது என்றது திரை. ரபாபின் முழங்கையருகே இருந்த அச்சுப்பொறியோ அசையவே இல்லை.

“சனியன்!” மேசையை ஓங்கித் தட்டினாள். காலையிலிருந்து இதே கூத்து.

அலெக்சாண்டிரியாவின் அந்த மருத்துவமனையில் நோயாளி வந்ததும் மணிக்கட்டுப் பட்டை அச்சாக வேண்டும். இணையப் பக்கத்திலிருந்தே அச்சுப்பொறியை ஆட்டுவிக்கும் ஒரு துணைநிரலை அவள்தான் பொருத்தியிருந்தாள். எந்தப் பொறி, எவ்வளவு ஓரம் என்பதையெல்லாம் அவள் எழுதும் நாலு வரி அதற்குச் சொல்லிவிடும். ‘அச்சிடலாமா?’ என்று கேட்கும் பெட்டி வரவேற்பறைப் பெண்களுக்கு எரிச்சலாக இருந்தது. அதையும் அவளே எடுத்துவிட்டாள். சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டுமே. வழக்கம்போல மகன் ஸியாதின் பெயரைப் போட்டாள்.

கைபேசி அடித்தது. ஸியாத்.

“அம்மா, நானும் அப்பாவும் சாப்பாடு எடுத்துட்டு கார்ல வர்றோம். வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா, தண்ணிகூடக் குடிக்கல!”

“சமத்து. அப்பாவை மெதுவா ஓட்டச் சொல்லுடா.”

நோன்பு திறக்கும் நேரம் நெருங்க, தாழ்வாரத்துச் செருப்புச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, எங்கிருந்தோ பருப்புக் கஞ்சியின் வாசனை வந்து, கடற்கரைச் சாலையின் ஹாரன்களும் தேய்ந்து, கட்டிடமே காலியானதுபோல் இருந்தது. எரிச்சலோடு தன் வரிகளைப் பார்த்தாள். எந்தப் பொறி என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தது ‘வரவேற்பறை’. இப்போது இருந்தது ‘பிணவறை’.

திருத்தினாள். சேமித்தாள். மறுபடியும் பிணவறை.

காலையிலிருந்து மகன் பெயரோடு பிணவறையில் அச்சான அந்தச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டால்தான் மனசு ஆறும். படியிறங்கினாள். கீழே பினாயில் நெடி. குளிர்பெட்டியின் உறுமல். காவலாளி ஃபத்தல்லா பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நோன்பு திறக்கப் பள்ளிவாசல் பாங்குக்குக் காத்திருந்தார். அங்கிருந்த அச்சுப்பொறியின் வாயில் எதுவும் இல்லை.

“இங்க வந்த சீட்டெல்லாம் எங்க, மாமா?”

“கட்டிட்டேன், இஞ்சினியரம்மா. ஒண்ணே போதும்னு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுட்டேன்.”

“யாருக்குக் கட்டினீங்க? அது சும்மா சோதனைக்கு!”

“சீட்டு வந்தா கட்டுவேன். யாரு என்னன்னு நான் கேக்குறதில்ல.”

உள்ளே ஒரு மேடை. வெள்ளைத் துணி. வெளியே நீண்ட சின்னக் கால். மஞ்சள் காலுறை. கட்டைவிரல் ஓட்டை. காலையில் ஸியாதுக்கு அவளே தைத்த சிவப்பு நூல்.

கணுக்காலில் சீட்டு.

கைபேசி அடித்தது.

“அம்மா...” ஸியாத் அழுதுகொண்டிருந்தான். “என் கால்ல ஏதோ கட்டியிருக்கும்மா. கழட்டவே முடியல. அப்பா கண்ணுக்கு அது தெரியலையாம்...”

“காரை நிறுத்தச் சொல்லு! ஸியாத், இப்பவே நிறுத்தச் சொல்லு!”

பாங்கு ஒலித்தது. போனில் டயர்கள் கிறீச்சிட்டன.

மேடைமேல் அந்தக் கால், சீட்டை உதற முயல்வதுபோல், ஒருமுறை வெட்டி இழுத்தது. பிறகு அசையவில்லை.